ஆடுதா, பார்த்துச் சொல்லுங்க

பிரேக் போடும்போதெல்லாம் காருக்குப் பின்னால் 'டங்'கென்று ஒரு சத்தம். நான் விசேஷங்களுக்கு நாற்காலி, மேஜை வாடகைக்கு விடுகிறவள். எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி, காரில் மாட்டி, நானே இழுத்துக்கொண்டு போவேன். வீட்டுக்காரர் இருந்தவரை அவரும் கூட வருவார். அவர் போனதிலிருந்து தம்பி போனில் ஒரே நச்சரிப்பு. "தனியா எதுக்குக்கா இந்த மாரடிப்பு? ட்ரெய்லரை வித்துட்டு எங்க வீட்டோட வந்துடு." அவன் வீட்டு மூலை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. இந்த 'டங்' அவன் காதில் விழுந்தால் போச்சு, வாங்குகிற ஆளையே கையோடு கூட்டி வந்துவிடுவான்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். காரின் அடியில் ஒரு சதுரக் குழாய். ட்ரெய்லரை இழுக்கும் இரும்புத் தண்டு அதற்குள்தான் நுழைந்திருக்கிறது.

"தண்டு தேஞ்சுபோச்சும்மா, குழாய்க்குள்ள ஆட்டம் கொடுக்குது. எனக்கு இன்னிக்குக் கை ஒழியாது. இடைவெளியில தகடு சொருகி, இந்த கிளாம்பப் போட்டு நீங்களே முறுக்கிடலாம். அப்புறம் வண்டிய முன்ன பின்ன நகத்துங்க. பக்கத்துல ஒரு ஆள் நின்னு, ஆடுதான்னு பாத்துச் சொல்லணும்."

"ஆளா? நல்லா சொன்னீங்க போங்க!" என்று கிளாம்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாசலில் மல்லாந்து படுத்து, தகட்டைத் தட்டிச் சொருகி, நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. "சனியனே!" என்று கத்தினேன். என்னாச்சு என்று கேட்கக்கூட ஒரு நாதியில்லை.

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் வருவார். வந்து, "பாவம், தனியா..." என்று ஆரம்பிப்பார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஒரு செங்கல்லில் போனைச் சாய்த்து, தண்டு தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கவிட்டு, காரில் ஏறினேன். முன்னால் எடுத்து பிரேக், பின்னால் எடுத்து பிரேக்.

இறங்கி வந்து வீடியோவைப் பார்த்தேன். தண்டு இம்மியும் அசையவில்லை. அடி சக்கை! கைதட்டப் போனவளுக்கு வீடியோவில் என் குரலே கேட்டது.

"ஏங்க, ஆடுதா?"

கொஞ்ச நேரம் இன்ஜின் உறுமல் மட்டும்.

"காது கேக்கலையா? ஆடுதான்னு கேக்கறேன்ல!"

நான் அப்படிக் கேட்டதே எனக்குத் தெரியாது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழைத்தால் வம்பு என்று தெரிந்தும் தம்பியை அழைத்தேன்.

"என்னக்கா, ட்ரெய்லர் மக்கர் பண்ணுதா? ஆள் கூட்டிட்டு வரட்டுமா?"

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நான் விக்கப்போறதில்ல. நீ ஒரு தடவ வந்துட்டுப் போடா."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான் வருவியாடா?"