தேய்க்காத குளிப்பு

விமலேஸ்வரியின் மகள் யதுர்ஷிகாவின் முழங்கை மடிப்பில் வெடித்துக் கிடந்த கரப்பனைப் பார்த்துவிட்டு, கிளிநொச்சியில் டொக்டர் கேட்டார்: "இதுக்கு வீட்டில என்ன செய்யிறனீங்கள்?"

விமலேஸ்வரி ஒளிக்கவில்லை. கிரந்திச் சாப்பாடு, கடியைக் கூட்டும் என்று இறால், நண்டு, கத்தரிக்காய் எதையும் பிள்ளையின் கண்ணில் காட்டுவதில்லை. பின்னேரங்களில் வேப்பிலை அவித்த சுடுதண்ணீர் வார்த்து, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் போட்டு, தென்னந்தும்பால் ஊத்தை போகத் தேய்ப்பாள். அழுதால் இன்னொருக்கால் தேய்ப்பன் என்று வெருட்டுவாள். அவளின் ஊரான வட்டக்கச்சியில் வைத்தியம் சொல்லாத வீடு கிடையாது. தேய்க்காதே என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை.

"இது ஊத்தையில்லை, அம்மா. தோல் காய்ஞ்சுபோற வருத்தம். தேய்க்கத் தேய்க்கக் கூடும். இந்தப் பிள்ளைக்குச் சாப்பாட்டாலயும் வரேல்லை."

"ஓம்" என்றாள். டொக்டர் தந்த களிம்பை வாங்கிப் பையில் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது யன்னலுக்கு வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் பார்த்தபடி இருந்தாள்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்த்து, துவாயால் மெல்ல ஒத்தி, ஈரம் காயுமுன் களிம்பைப் பூசினாள். யதுர்ஷிகா வழக்கம்போலக் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி நின்றாள்.

"முடிஞ்சுது, பிள்ளை."

"இன்னும் தேய்க்கேல்லையே, அம்மா." கண்ணைத் திறக்கவில்லை. "தேயுங்கோ. நான் அழமாட்டன்."