மூன்று மணி வரைக்கும்

கனகதாஸுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று குன்னத்துகாலில் ஒன்றும் கிடையாது. அடுத்த தேர்தலில் யார் மண்ணைக் கவ்வுவார்கள், பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தால் குடும்பம் எத்தனை வருடத்தில் உடையும், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருப்பார். ரப்பர் ஷீட் வாங்கும் கடை அவருக்கு. ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் சொல்வதைப்போல மனிதர்களுக்கும் தரம் சொல்வார். தெய்வத்தை நம்புகிறவன், நம்பாதவன், நம்புகிறமாதிரி நடிக்கிறவன். மூன்றே தரம்தான்.

பூமி சூடாகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அவரைப் பிடிக்க முடியாது. "மீனமாசத்தில வெயிலடிக்காம பின்ன பனியா பெய்யும்? மழையும் வெயிலும் தம்புரான் கையிலாக்கும். இது வெள்ளைக்காரன் நம்மள பயப்படுத்துகதுக்குச் செய்யுற அரசியலு."

மகன் லிபின் ஒத்துக்கொள்ள மாட்டான். இருபத்துநாலு வயது, நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. ஓட்டுப் போடுவதும் எதிர்க்கட்சிக்கு. சாப்பாட்டு மேசையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் சத்தியபாய் கறிச்சட்டியை நடுவில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். ஆனால் மகள் ஷிஜா அப்படியில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, அப்பா சொன்னால் அது வேதவாக்கு. வகுப்பில் டீச்சர் காலநிலையைப் பற்றிப் பாடம் நடத்தியபோது எழுந்து நின்று அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுவாள் என்றுதான் சத்தியபாய் நினைத்தாள். அவளோ, "அப்பா, நாளைக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். அந்தக் கதையைக் கனகதாஸ் ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முன்பே வெயில் ஆளைக் கொன்றது. பதினொன்று முதல் மூன்று மணிவரை யாரும் வெளியே இறங்க வேண்டாம் என்று கலெக்டர் அறிவிப்பு வந்திருந்தது. குரிசடி என்னும் சிலுவைக்கோயில் நிற்கும் மலைக்குப் போகும் சிலுவைப்பாதையைக் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடலாம் என்று பங்குச் சாமியாருக்குத் துணையான இளைய அச்சன் கோயில் கமிட்டியில் மெல்லச் சொன்னார். சொன்ன வாயை மூடவில்லை, கனகதாஸ் எழுந்துவிட்டார்.

"அச்சா, கர்த்தாவு தணுப்பு பாத்தா சிலுவை சுமந்தாரு? உச்சைக்குப் பன்னிரண்டுக்குத் தொடங்கி மூணுக்கு முடியணும். அது நம்ம அப்பூப்பன்மாரு காலத்திலேயே உள்ள முறை. இன்னைக்கு கலெக்டர் நேரம் சொல்லுவான், நாளைக்கு பைபிள் வாசிக்காதேன்னும் சொல்லுவான்."

கைதட்டினார்கள். அச்சன் உட்கார்ந்துகொண்டார்.

கனகதாஸ் வீட்டில் அதற்கும் மேல் ஒரு சட்டம் இருந்தது. வழக்கப்படி மூன்று மணிக்கு மலைமேல் எல்லாருக்கும் ஒரு மடக்கு கைப்புநீர் கொடுப்பார்கள். பாகற்காய் பிழிந்த சாறு, வினிகர் கலந்தது. கர்த்தருக்குக் கொடுத்த கசப்பின் நினைவு அது. அன்று விடிந்தது முதல் அது நாக்கில் படும்வரை அவர் வீட்டில் யாரும் சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஊரில் மற்றவர்கள் பாட்டிலும் கையுமாக வருவார்கள், அவர்கள் பாடு அவர்களோடு.

பெரிய வெள்ளியன்று சத்தியபாய்க்கு முட்டுவலி, வரவில்லை. தார் ரோடு முடிந்து பாறை தொடங்கும்போது கனகதாஸுக்கே உள்ளங்கால் சுட்டது. நின்று ஜெபிக்கும் பதினாலு ஸ்தலங்களில் ஐந்தாவதில் திரும்பிப் பார்த்தார். எல்லாருடைய சட்டையும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஷிஜாவின் முகம் மட்டும் காய்ந்திருந்தது. ஒரு துளி வியர்வை இல்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் நடந்த ஆனந்தபாயிடம், "பாத்தியளா, என் பிள்ளைக்கு மட்டும் வேர்க்கல்ல. நம்புறவள தம்புரான் குளிரவைக்குவார்" என்றார். ஆனந்தபாய் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏழாம் ஸ்தலத்தில் ஷிஜா, "அப்பா, தலை கறங்குது" என்றாள்.

"இனி ஒண்ணர மணிக்கூறுதான் மக்கா. பொறுத்துக்கோ."

பின்னாலிருந்து லிபின் வந்தான். சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். கனகதாஸ் தட்டிவிட்டார். பாட்டில் பாறையில் விழுந்தது. தண்ணீர் ஓடிய தடம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

"எலே, உனக்கு விசுவாசம் இல்லேன்னா அவளையும் கெடுக்கியா?"

"அப்பா, அவ முகத்தப் பாருங்க!"

பார்த்தார். ஷிஜா அவரைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்து, "அம்மா, கதவ அடை, வெயிலு உள்ள வருது" என்றாள். அங்கே கதவும் இல்லை, அம்மாவும் இல்லை. அடுத்த அடியில் அப்படியே சரிந்து விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தூக்கிய கனகதாஸின் கைகள் சுட்டன. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது பிள்ளையின் உடம்பு. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. லிபின்தான் கத்தி ஆள் கூட்டினான்.

யாருடைய ஜீப்பிலோ ஏற்றிக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் லிபின் கிடைத்த தண்ணீரையெல்லாம் அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொண்டே வந்தான். இந்தத் தடவை கனகதாஸ் அவன் கையைத் தட்டிவிடவில்லை.

காஷுவாலிட்டியில் ஐஸ் கட்டிகளை அவள் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். ஒரு பெண் டாக்டர், லிபின் வயதுதான் இருக்கும், வெளியே வந்து கேட்டாள்.

"வேர்ப்பு எப்ப நிண்ணுது?"

கனகதாஸுக்குப் புரியவில்லை.

"வேர்க்காம இருந்தது எப்ப முதல்? அது நிண்ணா உடம்பு தோத்துப்போச்சுன்னு அர்த்தம். அந்நேரமே கொண்டுவந்திருக்கணும்."

ஐந்தாம் ஸ்தலம், என்று சொல்ல வாயெடுத்தார். ஆனந்தபாயிடம் பெருமையடித்த தம் குரலே காதில் கேட்டது. "ஒரு மணி இருக்கும்" என்றார், யாருக்கோ நடந்ததைப்போல.

"கடைசியா எப்ப வெள்ளம் குடிச்சா?"

"இன்னைக்கு விடியற வரைக்கும் குடிச்சிருப்பா."

"இல்ல" என்றது ஒரு குரல். சத்தியபாய் ஆட்டோவிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்திருந்தாள். "நேத்து உச்சை முதல் குடிக்கல்ல. ராத்திரி பெரிய வியாழன் பெசகா அப்பத்தக் கொஞ்சம் பிச்சுத் தின்னா, பாலைத் தொடல்ல. அப்பாக்குத் தெரியாண்டாம், மலைமேல போய் சொல்லி சந்தோஷப்படுத்துவேன்னா."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"சொல்ல பயமாட்டு இருந்துது."

இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் சத்தியபாய் பயம் என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. இப்போதும் அவள் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறுநீரகம் பிழைக்குமா என்று நாளைக்குத்தான் தெரியும் என்றாள் டாக்டர். நாக்கு நுனியில் நின்ற ஜெபமெல்லாம் அன்றைக்குக் கனகதாஸைக் கைவிட்டது. அரைமணி நேரம் ஜெபிக்கக்கூடிய மனிதர், "அவள எடுத்துராதியும், எடுத்துராதியும்" என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தார். செத்துப்போவாளோ. செத்தால் கொன்றது யார்? கலெக்டரும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் எழுந்து நடந்தார். நடந்தாலும் அது கூடவே வந்தது. லிபின் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொன்னால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் மத்தியானம், சிறுநீரகத்துக்குப் பயமில்லை என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஷிஜா கண் விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது, ஆனால் ஆளை அடையாளம் தெரிந்தது. கனகதாஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். பிழைத்துவிட்டாள், என் பிள்ளை பிழைத்துவிட்டாள்.

நர்ஸ் ஒரு ஸ்பூனில் தண்ணீர் எடுத்து வந்தாள். "குடி மோளே."

ஷிஜா வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் மறுபடியும் சொன்னாள். லிபின் சொன்னான். சத்தியபாய் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். உதட்டை இறுக்கிக்கொண்டு கிடந்த பிள்ளை, அவர்களையெல்லாம் தாண்டி அப்பாவைக் கண்ணால் தேடிப் பிடித்தது.

"அப்பா, குடிக்கட்டா?"

இவ்வளவு நேரம் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. அவர் வேண்டாம் என்றால் இப்போதும் குடிக்க மாட்டாள்.

"குடி மக்கா" என்றார்.

அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஷிஜா வாயைத் திறந்தாள்.