தாய்மாமன் கொக்கி

என் தம்பி சோலைச்சாமி எதையும் முதலிலிருந்து தொடங்கியவன் இல்லை. நாய் வளர்க்கப் போனான். முதல் குட்டியே போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்றான். அது பக்கத்து வீட்டுக் கோழியைத் தின்றதோடு சரி. அப்புறம் ட்ரோன் வாங்கினான். அது கண்மாய்க்குள் கிடக்கிறது. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் பின்னால் பட்டறைக் கல்லுக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டையும் நெருப்பை ஊத ஒரு புளோயரையும் வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து இரும்படிக்கிறான்.

வீடியோவில் சொல்பவர் முதலில் ஆணி அடிக்கச் சொல்கிறார், பிறகு கொக்கி வளைக்கச் சொல்கிறார். இந்தத் துரைக்கு அதெல்லாம் கேவலம். நேரே அருவாளுக்குப் போனான். அந்த அருவாளை வைத்து வெண்டைக்காய் நறுக்கினேன். நசுங்கியது.

இந்த லட்சணத்தில் எனக்குப் பிள்ளை பிறந்தது. பேர் வைக்கிற அன்றைக்குத் தொட்டில் கட்டுவது தாய்மாமன் பொறுப்பு. சேலையும் கயிறும் வாங்கி வந்தால் போதாதா? கொக்கியும் தன் கையால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மேல் முனை சீலிங் வளையத்தில், கீழ் முனை தொட்டில் கயிற்றில். பாம்பு மாதிரி வளைந்த ஒரு கம்பி, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அதில் தொங்கப்போவது என் பிள்ளை.

முதலில் கட்டிடக் கம்பியில் ஒன்று செய்து போட்டோ அனுப்பினான். பின்னாலேயே போனும் வந்தது.

"நானே தொங்கிப் பாத்தேன்க்கா. ஒடையல. வாயி கொஞ்சம் விரிஞ்சிருக்கு, அம்புட்டுத்தான்."

"அதுவும் உன்னைய மாதிரியே வளஞ்சு குடுக்குதாக்கும். எங்க மாமியா வீட்டு ஆளுக முன்னாடி இதையா மாட்டுவ?" என்றேன்.

"சரி, வளையாத மாதிரி செஞ்சிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டான். சொன்னபடியே லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒன்றை அடித்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு விசேஷத்தன்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கொக்கி கருகருவென்று மிரட்டலாகத்தான் இருந்தது. அவன் நடையும் அப்படித்தான் இருந்தது.

பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் தொட்டிலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுவது எங்கள் வழக்கம். சேத்தூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் பாண்டிசெல்விக்கு அவசரம். "மிக்ஸி காலத்துல குழவிக்கு எங்க போக மதினி? பிள்ளையப் போடுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. சாமி பக்தி எல்லாம் ஒன்றுமில்லை. தம்பியின் வேலை மேல் எனக்கு இருந்த மதிப்பு அப்படி. கொல்லையில் கிடந்த குழவியைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னேன்.

கல்லைத் தொட்டிலில் வைத்து என் வீட்டுக்காரர் ஓர் ஆட்டு ஆட்டினார். டிக்கென்று சத்தம். கல் தரையில் விழுந்து டைல்ஸ் பெயர்ந்தது. மடியில் கிடந்த பிள்ளையை நான் இறுக்கிய இறுக்கில் அது வீறிட்டது.

"தாய்மாமன் சீரு நல்லாத்தான் இருக்கு" என்றாள் பாண்டிசெல்வி.

சோலைச்சாமி குனிந்து உடைந்த கொக்கித் துண்டை எடுத்தான். உடைந்த இடம் கல்கண்டு போல மின்னியது. "தண்ணில முக்கின பொறவு லேசாச் சூடு காட்டி எளக்கணும். இல்லன்னா கண்ணாடி மாதிரி ஒடைஞ்சிரும். அத விட்டுட்டேன்" என்றான்.

"தெரிஞ்சே ஏம்லே விட்ட?"

"எளக்குனா வளையுமோன்னு பயந்துட்டேன்க்கா."

அவனை அறையலாம் போல இருந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

அவன் கொல்லைக்குப் போனான். சுவர் கட்டி மிஞ்சிய கம்பியில் ஒரு துண்டை எடுத்து, பந்திக்குச் சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பில் செருகினான். தேங்காய்ச் சிரட்டையை அள்ளிப் போட்டான். சமையல்காரர் திட்டினார், காதில் வாங்கவில்லை. கம்பி சிவந்ததும் துவைக்கிற கல்லில் வைத்துத் தட்டி வளைத்தான். வாளித் தண்ணீரைக் காட்டினேன். "வேணாம், தானா ஆறட்டும்" என்றான். பந்திக்கு உட்கார்ந்தவர்கள் இலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

ஆறிய கொக்கியை மாட்டி, கயிற்றைப் பிடித்து, புது வேட்டியோடு கால்களை மடக்கித் தொங்கினான். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. இறங்கியபோது கொக்கியின் வாய் லேசாக விரிந்திருந்தது. அதைத் தட்டிச் சேர்த்தான்.

"என்ன மதினி, இது வளையுதே" என்று பாண்டிசெல்வி சிரித்தாள்.

"வளைஞ்சா கண்ணுக்குத் தெரியும் பாண்டிசெல்வி. சந்தேகமா இருந்தா நீயும் ஒருவாட்டி தொங்கிப் பாரேன்."

அவள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

குழவியைப் போட்டு நன்றாக ஆட்டிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிள்ளையைக் கிடத்தி, காதில் பேரைச் சொன்னோம். எல்லாரும் என்னை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினேன். தொட்டிலுக்கு அடியில் கொடுத்திருந்த இன்னொரு கையை மட்டும் நான் எடுக்கவே இல்லை.

எதிரே நின்ற சோலைச்சாமி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.