செதில் தீரும் வரை

டோரதி டீச்சரிடம் இரவல் வாங்கிய அலாரம் கடிகாரத்தைத் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டால் நீந்தும்போதே நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொன்னுரங்கத்தின் திட்டம். தன் தலையில் இருப்பதைத் தானே எப்படிப் பார்ப்பது என்கிற சந்தேகம் பாறையிலிருந்து குதித்த பிறகுதான் வந்தது. குதித்ததோ தலைகீழாக. பிறந்ததிலிருந்து அப்படித்தான் குதித்துப் பழக்கம். ராயபுரத்துக் கடல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தலைப்பாகையை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

"கடியாரம் இன்னாச்சு?" என்றாள் பவுனம்மாள். அவன் மனைவி, கரைப் பாறையில் உட்கார்ந்து, வாடிக்கை வீடுகளுக்கான மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடலுக்கும் மணி தெரியணும்ல மே."

துறைமுகத்தின் மோட்டார் படகான லாஞ்சுக்கு ஓர் ஆள் எடுக்கிறார்கள். நீந்திப் போய் மிதவையைத் தொட்டுவிட்டு முதலில் திரும்புகிறவனுக்கு வேலை. அடுத்தவன் கட்டுமரத்தில் கூலிக்குப் போய், மீன்பாடு இல்லாத நாளில் வெறுங்கையோடு திரும்புகிறவனுக்கு அது மாதச் சம்பளம். ஆனால் கடலில் பிழைக்கிறவன் மிதக்கத்தான் கற்றுக்கொள்கிறான். அங்கே அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் கிடையாது. கொருக்குப்பேட்டை யார்டில் ரயில் என்ஜின் பாய்வதும், நிற்பதும், மறுபடி பாய்வதுமாக இருப்பதைப் பார்த்துத்தான் அவனுக்கு யோசனை வந்தது. நங்கூரமிட்ட படகு வரை முழு மூச்சில் போய்த் திரும்புவது, கொஞ்சம் நிற்பது, மறுபடியும் பாய்வது. நிற்கும் நேரத்துக்கு அளவு வேண்டும். கடிகாரம்தான் போய்விட்டதே. பவுனம்மாள் ஒரு மடவை மீனின் செதிலை எடுத்து முடிக்கும் வரை ஓய்வு என்று முடிவானது. மீன் கூடையில் விழுந்தால் அவன் பாய வேண்டும்.

முதல் வாரம் நாலாவது பாய்ச்சலிலேயே நாக்கு தள்ளியது. இரண்டாவது வாரம் எட்டுப் பாய்ச்சலை முடித்துவிட்டுப் பீடி கேட்டான். மூன்றாவது வாரம் லாஞ்சில் போடப்போகும் சட்டைக்கு எத்தனை பொத்தான் இருக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

அந்த வாரத்தில் ஒரு காலை, பவுனம்மாளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் டோரதி டீச்சர் பாறைக்கே வந்துவிட்டார்.

"பவுனம்மா, ரெண்டு வாரமா மீனுல தோலே இல்ல. கடியாரம் போனதுக்கு என் மேல கோவமா? கோவப்பட வேண்டியது நான்."

டீச்சர் போன பிறகும் பொன்னுரங்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தான்.

"தோலு இன்னா ஆச்சு மே?"

"புதுக் கத்தி."

"அது உங்கம்மா நம்ம கல்யாணத்துக்குக் குட்த்தது."

"வெயில்ல மீனு நைஞ்சு போவுது."

சூரியன் அப்போதுதான் துறைமுகத்துக் கிரேனைத் தாண்டி வந்திருந்தது.

"பவுனு, நான் வேகமாய்ட்டனா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

அவள் நிமிரவில்லை. கையில் இருந்த மடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல. நீ மூச்சு வாங்கறத என்னால பாக்க முடில. நீ இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு ஒரே மீன ரெண்டு தபா சொரண்டினேன். சில நாளு மூணு தபா."

மடவையை ஓரமாக வைத்தாள். மீன் குவியலின் அடியில் துழாவி விரல் நீளக் கிழங்கான் மீன் ஒன்றை எடுத்தாள். கத்தி இரண்டு பக்கமும் ஒவ்வொரு தரம் போய் வந்தது. அவன் படகின் பக்கம் முழுதாகத் திரும்பக்கூட இல்லை, கூடையில் மீன் விழுந்த சத்தம் கேட்டது.