பக்கத்து மேசைத் தொப்பி

தொப்பியை மாட்டிக்கொண்டபின் நிமிரக் கூடாது. மடிப்புக் கூடத்தில் சேர்ந்த அன்று முதலில் சொல்லித் தந்தது அதைத்தான். தொப்பியின் முன்பக்கம், நெற்றிக்கு நேராக, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கேமரா இருக்கும். நாம் எதைப் பார்க்கிறோமோ அதை அதுவும் பார்க்கும். கம்பெனிக்கு வேண்டியது கைகள். துண்டு, சட்டை, போர்வை, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பு எதுவானாலும், கைகள் அதை எப்படி எடுக்கின்றன, எப்படி உதறுகின்றன, எந்த மூலையை முதலில் பிடிக்கின்றன என்பதெல்லாம் பதிவாகி, எங்கோ இருக்கும் இயந்திரங்களுக்குப் பாடமாகப் போகும். காலையில் மடித்ததை மாலையில் நாங்களே பிரித்துப் போடுவோம். மறுநாள் அதையே மறுபடி மடிப்போம்.

முகம் பதிவானால் அந்தப் பகுதி கழிவு. கழிவு அதிகமானால் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்புவார். அதனால் அங்கே எல்லோருமே முகம் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார்கள். சத்தம் பதிவாகாது என்று சொல்லியிருந்ததால் பேச்சுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போனதைத் துண்டைப் பார்த்தபடி சொல்வார்கள். துண்டைப் பார்த்தபடியே அதற்கு ஆறுதலும் வரும். யாராவது அழுதால் மூக்கை உறிஞ்சும் சத்தத்தில்தான் தெரியும்.

எனக்கு அது வசதியாகவே இருந்தது. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச முடியாமல்தான் நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். வீட்டில் அடைந்து கிடந்த என்னை அங்கே கூட்டிப் போனது அண்ணிதான். "நிமிந்து பாக்கவே கூடாதுன்னு ஒரு வேலை இருக்குடி. உனக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி" என்றாள். வாயே திறக்காத எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கூடத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எனக்கு இடப்பக்க மேசை அண்ணியுடையது. வலப்பக்கம் ரேடியோ அக்கா. அவர் நிறுத்தாமல் பேசுவார்.

"எங்க மாமியாருக்குக் கல்யாணமான நாள்லேருந்து சொல்லிக் குடுக்கிறேன், ஒரு போர்வையை நேரா மடிக்க வரலை. மிஷினுக்கு வந்துருமா?"

"மிஷின் எதிர்த்துப் பேசாதுக்கா. அதுலயே பாதி வேலை முடிஞ்சுது" என்றாள் அண்ணி.

"கத்துக்கிட்டதும் நமக்கு டாட்டா காட்டிரும், பாரு."

"காட்டட்டும். ஆனா நம்ம கையை அவன் எடுத்து வச்சிருக்கானேக்கா. நாளைக்கு நாம இல்லாட்டியும் நம்ம கை எங்கேயோ மடிச்சுக்கிட்டே இருக்கும். அதை நெனச்சா ஒரு மாதிரியா இல்ல உங்களுக்கு?"

"அடப் போம்மா. என் கையை வச்சு என்ன பண்ணப் போறான்? ரேகையா பாக்கப் போறான்? துண்டு மடிக்கிறதுல என்ன பெரிய ரகசியம்?"

எல்லோரும் துண்டுகளைப் பார்த்துச் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு எனக்குப் பார்க்காமலே தெரியும்.

அண்ணியின் கையில் ஏதோ சரியில்லை என்பதை வீட்டில்தான் முதலில் கவனித்தேன். தேநீரை டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றுவதை விட்டுவிட்டாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். அண்ணன் சட்டையின் பொத்தானை வழக்கம்போலப் போட்டுவிடப் போனவள், "சின்னக் குழந்தையா நீங்க, போட்டுக்கங்க" என்று விலகிக்கொண்டாள். ஒருநாள் சமையலறையில் அவள் சும்மா நின்றிருந்தபோது பார்த்தேன். தொங்கவிட்ட கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டுவது போல.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன். நரம்புல வர்றதாம். இப்போதைக்கு மாத்திரை. மெதுவா ஏறுமாம், ஆனா எறங்காதாம்." நிறுத்தினாள். "உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன். ஒரு கவலையை எடுத்தா கீழ வைக்கத் தெரியாது அவருக்கு. நல்ல நேரமாப் பாத்துச் சொல்லணும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத."

யாரிடம் போய் அதைச் சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்துச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

அந்த நடுக்கத்துக்கு ஒரு குணம் இருந்தது. கைக்கு வேலை இருந்தால் வராது, சும்மா இருந்தால் வந்துவிடும். கூடத்தில் அண்ணி அதைத் தெரிந்து வைத்து நடந்துகொண்டாள். மடிக்கும்போது கை ஒழுங்காகவே இருக்கும். ஒன்றை முடித்து அடுத்தது வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் வலது கையை மேசைக்குக் கீழே, பக்கவாட்டில் தொங்கவிட்டுவிடுவாள். அவள் தொப்பிக்கு அந்த இடம் எட்டாது.

என் மேசையிலிருந்து அது நன்றாகத் தெரியும். நிமிராமல் கண்ணை மட்டும் லேசாகத் திருப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கண் திரும்பும்போது தலையும் கொஞ்சம் திரும்பத்தான் செய்கிறது. இன்றைக்கு அதிகமா, குறைவா என்று அடிக்கடி பார்ப்பேன். சில நேரம் அண்ணியின் இடது கை வந்து வலது கையைப் பிடித்துக்கொள்ளும், அழுகிற பிள்ளையைப் பிடிப்பது போல. அதையும் பார்ப்பேன்.

அன்று மதிய இடைவேளை முடிந்ததும் சூப்பர்வைசர் அண்ணியைக் கூப்பிட்டார். "வாயாடியையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எதையும் இரண்டு தடவை சொல்வதால் அவருக்கு ரிப்பீட்டு என்று பெயர். கெட்டவர் இல்லை. யாருக்காவது தலை வலித்தால் தன் பையிலிருந்தே மாத்திரை எடுத்துக் கொடுப்பார். அவருடைய மேசைக்கு மேலேயும் ஒரு கேமரா உண்டு.

"உக்காருங்க, உக்காருங்க. நல்ல விஷயம்தான், நல்ல விஷயம்தான்."

கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. மேசை விளிம்பு, சாம்பல் நிற விரிப்பின் ஓரம், உரசிக்கொள்ளும் இரண்டு விரல்கள். பிறகு இடது கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது. முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த முகம், பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை என்பது போன்ற பார்வை.

"இது எப்படி... என் தொப்பிக்கு இது தெரியாதே?"

"உங்க தொப்பி இல்லீங்க. பக்கத்து மேசை. இந்தப் பொண்ணு தொப்பியில பதிவானது." என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அருமையா விழுந்திருக்கு, அருமையா விழுந்திருக்கு. முகமே வரலை. முழுக்கக் கைதான். சிஸ்டம் தானாவே நோயோட பேரைப் போட்டுத் தனியா எடுத்து வச்சிருச்சு."

நான் தரையைப் பார்த்தேன்.

நடுங்கும் கைகளுக்கு உதவும் கருவிகளைச் செய்யும் வேறொரு பிரிவு இருக்கிறதாம். அவர்களுக்கு இப்படிப்பட்ட கை வேண்டுமாம். தனி அறை, குறைந்த நேரம், கூடுதல் சம்பளம். மடிக்க வேண்டியதில்லை. டம்ளரைத் தூக்குவது, பொத்தான் போடுவது, கையெழுத்துப் போடுவது. தினமும் அதையே செய்யவேண்டும், கை போகப் போக எப்படி மாறுகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

"நாலு பேருக்கு உதவுற விஷயம்தானே" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் நடிக்கவில்லை.

"உதவட்டும்ங்க. யாராவது வந்து என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனோ என்னவோ" என்றாள் அண்ணி. "கேக்காம எடுத்துட்டு, இப்ப வந்து வாழ்த்து சொல்றீங்க. எனக்கு அந்த ரூம் வேணாம்."

"அப்படின்னா மடிப்புலயும் இனிமே வைக்க முடியாதுங்க. இது தெரிஞ்சு போச்சு இல்லையா, தெரிஞ்சு போச்சு இல்லையா..."

"புரியுது. அதை அழிச்சிருங்க. நான் கெளம்பறேன்."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்கிட்ட அழிக்கிற பட்டன் இல்லீங்க."

அதை அவர் ஒரே தடவைதான் சொன்னார்.

"யார்கிட்ட இருக்கு?"

"இந்தக் கட்டடத்துல யார்கிட்டயும் இல்ல. சேரும்போது போன்ல சம்மதம்னு அழுத்தினீங்களே, அதுல இருக்கும். தொப்பி பாக்கிறதெல்லாம் கம்பெனியோடதுன்னு." தயங்கினார். "இன்னொண்ணு. இந்த மாதிரி தேர்வானா குடும்பத் தொடர்புன்னு நீங்க குடுத்த நம்பருக்கு ஒரு செய்தி போகும். வீட்டுல பேசி முடிவெடுக்கட்டும்னு."

அண்ணி எழுந்துவிட்டாள். "அது எங்க வீட்டுக்காரர் நம்பர். அனுப்பாதீங்க."

"போயிருக்கும்ங்க. நான் அனுப்பறதில்ல. அதுவே போயிரும்."

அண்ணன் பஸ்களுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். தீப்பொறி பறக்கும் இடம் என்பதால் உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மாலைச் சங்கு ஊதியதும்தான் எடுப்பான். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. ஆனால் பட்டறை ஊரின் மறுகோடியில்.

அண்ணி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நானும் கழற்றினேன்.

"நீ ஏன்டி?"

"தலை வலிக்குது" என்றேன்.

ரேடியோ அக்கா முதல்முறையாகப் பேச்சை நிறுத்தி, நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவர் தொப்பியில் எங்கள் இருவர் முகமும் விழுந்திருக்கும்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முன்சீட்டுக் கம்பியின் மேல் அண்ணியின் வலது கை இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றது, அண்ணி எட்டி எட்டி முன்னால் பார்த்தாள்.

"நான்தான் பாத்தேன் அண்ணி" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"பின்ன? நீ பாக்காம ரோட்டுல போறவனா பாப்பான்?" ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "கூடப் பொறக்காத ஒருத்தி என் கையைப் பாத்துப் பாத்துக் கவலைப்பட்டிருக்கா. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ பாக்கறேன்னு தெரிஞ்சுதான்டி அந்தப் பக்கமே தொங்கவிட்டேன். உன் நெத்தியில உக்காந்துக்கிட்டு வேற ஒருத்தன் பாத்தா அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

நான் மூக்கை உறிஞ்சினேன். கூடத்தில்போலப் பார்க்க ஒரு துண்டை அவள் தேடவில்லை. என் முகத்தைத் திருப்பித் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன். ஷேவ் பண்ணிட்டு, குளிச்சிட்டு, நல்ல மூட்ல இருப்பாரு. எப்படி ஆரம்பிக்கணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்."

"எப்படி அண்ணி?"

"'இதுல உங்க தப்பு எதுவும் இல்ல'ன்னு. அதைத்தான் மொதல்ல சொல்லணும். இல்லாட்டி, நான்தான் உன்னை வேலைக்கு அனுப்பினேன், நான்தான் துணி துவைக்க விட்டேன்னு ஆரம்பிச்சிருவாரு. அப்புறம் மாத்திரை பத்தி. அப்புறந்தான் நோயோட பேரு. பேரு கடைசியில வரணும்டி. அந்தச் செய்தியில பேருதான் மொதல்ல இருக்கும்."

நாங்கள் இறங்கும்போதே சங்கு ஊதிவிட்டது. அண்ணி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. நான் அவளுக்கு முன்னால் ஓடினேன்.

பட்டறை வாசலில் ஆட்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தனியாக நின்றிருந்தான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். கையில் போன் இருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்ற எனக்குத் திரை தெரிந்தது. மேலே நோயின் பெயர், அதற்குக் கீழே சின்னதாக ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரல்கள் உரசின. இடது கை வந்து பிடித்துக்கொண்டது. கீழே சம்மதம் என்று ஒரு கட்டமும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு கட்டமும்.

அண்ணன் அந்தக் கையின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினான்.

"என்னங்க!"

அவன் திரும்பினான். அண்ணி மூச்சிரைக்க வருவதைக் கண்டதும் போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் செருகினான். எல்லாம் ஒரே வீச்சில் நடந்தது.

"என்ன, ரெண்டு பேரும் இங்க? வேலை இல்லையா இன்னைக்கு?"

"போன் பாத்தீங்களா?"

"இப்பத்தான் பெட்டியிலேருந்து எடுத்தேன். கண்ணாடியை வேற உள்ளயே விட்டுட்டேன். கண்ணாடி இல்லாம எனக்கு எருமை எது, எழுத்து எது?"

அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்ன வயதில் என்னை மாட்டிவிட்டதெல்லாம் அவன்தான், எதைக் கேட்டாலும் உண்மையைக் கக்கிவிடுவான். அன்று அவன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. என்னை ஒருமுறை பார்த்தான். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தொப்பி இல்லை. சரி என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தேன்.

"அதைப் பாக்காதீங்க. நான் ஒண்ணு சொல்லணும். அதுக்கப்புறம் பாத்துக்கங்க."

"சொல்லு. நான் எங்க போகப் போறேன்?"

சைக்கிள்களுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திண்டு இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்காக வைத்திருந்ததை எடுத்தாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இதுல உங்க தப்பு எதுவும் இல்ல."

"எதுல?" என்றான் அண்ணன்.

அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்டான். டாக்டர்கிட்ட தனியாவா போன, என்று கோபப்பட்டான். மாத்திரை எப்போது சாப்பிடுகிறாய் என்று விசாரித்தான். நோயின் பெயரை அவள் சொல்ல வந்தபோது அது அவள் வாயிலிருந்து வரும்வரை காத்திருந்தான். வந்தபின் அதையே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், அன்றுதான் கேட்பவன் போல.

"கையில லேசா நடுக்கம். அவ்வளவுதான் இப்போதைக்கு" என்றாள் அண்ணி.

அண்ணன் கையை நீட்டினான். முந்தானைக்குள் நுழைந்து அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டான்.

எந்தக் கை என்று அண்ணி சொல்லியிருக்கவில்லை.

அவள் பேச்சை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியின் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள். அவன் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம்... வேலையை விட்டுட்டேன்" என்று அண்ணி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.