குறடு ஏன் கதவைத் திறக்கவில்லை

"பொய்! பச்சைப் பொய்!"

சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு அத்தை போட்ட கூச்சலில், கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெரியவளின் பேனா தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டது. சமையலறையிலிருந்து அண்ணி பதறிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. கப்பல் வந்திருக்கு," என்றாள் பெரியவள்.

அண்ணி ஓ என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாரா வாரம் நடப்பதுதான்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அத்தை. அண்ணனின் இரண்டு பெண்கள், பெரியவளுக்கும் சின்னவளுக்கும், அத்தை என்பது சரி. ஆனால் கூடப் பிறந்த அண்ணனே "அத்தை எங்கே?" என்றுதான் கேட்பான். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது சம்பளச் சீட்டில் மட்டும்தான். பெரியவள் பிறந்தபோது, பிள்ளை பெற்ற அண்ணிக்குப் பத்து நாள் ஒத்தாசைக்கென்று ஒரு பையோடு வந்தவள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அத்தைக்குப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் இரண்டு தடவை வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிப் போய்விட்டது. அதைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் அத்தை எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அவளுக்கு உலகத்தில் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு விஷயம், 'கடைசி நங்கூரம்' என்ற தொலைக்காட்சித் தொடர். பூமியிலிருந்து கிளம்பி வழி தவறிப்போன ஒரு விண்கப்பல், அதில் முப்பது பேர். அறுபத்தொரு வாரமாக அத்தை ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். துணி உலர்த்தும் கம்பிக்கும் பழைய தையல் மெஷினுக்கும் நடுவே கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, செல்போனில் பார்ப்பாள். பார்த்து முடித்த கையோடு ரசிகர் குழுவில் எழுதுவாள். குழுவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'நொரநாட்டியம்'. கப்பலில் ஒரு திருகாணி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பெயர். அத்தைக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இந்த வாரக் கதை முழுக்க ஒரே அறையில் நடந்தது. கப்பலின் இன்ஜினியர் ஒரு பெண். எந்நேரமும் கையில் குறடு வைத்திருப்பதால் ரசிகர்கள் அவளைக் குறடு என்றே கூப்பிடுவார்கள். வெளிக்கதவின் ரப்பர் கிழிந்து காற்று கசிகிறதென்று, அதைச் சரிசெய்யக் குறடு இரட்டைக் கதவு அறைக்குள் போகிறாள். ஒரு கதவு விண்வெளிப் பக்கம், ஒரு கதவு கப்பல் பக்கம். உள்ளே போனதும் கப்பல் பக்கக் கதவு பூட்டிக்கொள்கிறது, ஆனாலும் அதன் இடுக்கு வழியே கப்பலின் காற்று வெளியேறிக்கொண்டேதான் இருக்கிறது. கிழிந்த ரப்பரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிஷம் அவள் உட்கார்ந்தே இருக்கிறாள். ஒலிபெருக்கியில் கேப்டன் பேசிக்கொண்டே இருக்கிறார். "இன்னும் கொஞ்ச நேரம்." "நாங்க எல்லாரும் உன்கூடத்தான் இருக்கோம்." மூச்சு குறைகிறது. திரை இருட்டாகிறது. மீதி அடுத்த வாரம்.

குழுவே அழுது வழிந்தது. கேப்டனின் அன்பே அன்பு, இப்படி ஒருத்தர் நம் வாழ்க்கையில் இல்லையே என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். அத்தைக்கு மட்டும் நெஞ்சு கொதித்தது. ஏனென்றால் இரட்டைக் கதவைப் பற்றி அந்தக் குழுவில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

அவள் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம்செய்யும் பிரிவில். அழுக்குப் பக்கம் ஓர் அறை, சுத்தப் பக்கம் ஓர் அறை. நடுச்சுவரில் பீரோ மாதிரி பெரிய நீராவி மெஷின், இரண்டு பக்கமும் கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. உள்ளே அழுத்தம் சமமாகும்வரை சிவப்பு விளக்கு, ஆனதும் பச்சை. எந்தக் கதவில் பச்சை எரிகிறதோ, அந்தப் பக்கம் நிற்கிறவர்தான் திறக்க வேண்டும். எதிர்ப் பக்கத்திலிருந்து ஆண்டவனே வந்து இழுத்தாலும் திறக்காது. பதினொரு வருஷமாகச் சுத்தப் பக்கத்தில் நின்று கதவு திறக்கிறவளிடம் போய் கதை விட்டால்?

இருபத்துமூன்றாவது நிமிஷத்தில் குறட்டின் தோளுக்குப் பின்னால், உள்கதவின் மேல், ஒரு கணம் பச்சை விளக்கு எரிந்தது. அத்தை படத்தை நிறுத்தினாள், பெரிதாக்கினாள், அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: "கேப்டன் பொய் சொல்றார். பச்சை எரிஞ்சாச்சு. கதவு திறக்கும். அவருக்குத் தெரியும். அவ உள்ளயே இருந்து ரப்பரைப் பிடிச்சாத்தான் இவங்க நிம்மதியா மூச்சு விட முடியும். அதனாலதான் அன்பா பேசியே உட்கார வச்சிருக்கார்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாய் என்றார்கள். உனக்கு யார் மேல் கோபம் என்று ஒருத்தர் கேட்டார்.

யார் மேல் கோபம் என்று அவளுக்குத் தெரியும், அண்ணன் வீட்டின் மேல். இன்சார்ஜ் சிஸ்டர் வியாழக்கிழமை கூப்பிட்டு விட்டிருந்தாள். வேறு ஊரில் ஆஸ்பத்திரியின் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே இந்தப் பிரிவை நடத்த ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். தங்க அறையும் தருவார்கள். "ஒவ்வொரு கிளை திறக்கறப்பவும் உங்களைத்தான் கேட்கறேன், இது மூணாவது தடவை. திங்கட்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்க. இதுக்கு மேல கேட்க மாட்டேன்."

முதல் தடவை கேட்டபோது சின்னவள் பால்குடி மறக்காத பிள்ளை. இரண்டாம் தடவை அண்ணிக்கு இடுப்புவலி. இப்போது பெரியவளுக்குப் பரீட்சை வருஷம். அத்தை போய்விட்டால் விடியற்காலையில் யார் எழுந்து சாப்பாடு கட்டுவது? யூனிபார்ம் யார் இஸ்திரி போடுவது? அண்ணன் விட மாட்டான். 'நீ இல்லாம வீடு ஓடுமா?' என்று அன்பாகத்தான் சொல்வான். அந்த அன்புதான் அவள் கழுத்தைப் பிடித்தது. திட்டுகிறவர்களாக இருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அன்று சாயந்திரம் விளக்கு போடும் நேரத்தில் குழுவில் 'தூசி' ஒரு வரி எழுதியிருந்தது. தூசி ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. குறைவாகப் பேசும், ஆனால் பேசினால் சுருக்கென்று தைக்கும்.

"பச்சை எரிஞ்சுதுன்னே வச்சுக்குவோம். குறடு இன்ஜினியராச்சே. அவளுக்கும் தெரியுமே. அவளே ஏன் திறக்கல?"

அத்தை எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், "அவ கையை எடுத்தா எல்லாருக்கும் காத்துக் குறையும். அவங்களுக்காகத்தான் உள்ள இருக்கா," என்று போட்டாள்.

உடனே பதில் வந்தது. "அப்படி இருக்கச் சொல்லி யாராவது அவளைக் கேட்டாங்களா?"

சொன்னார்களே, கேப்டன் சொன்னாரே என்று அத்தை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். கேப்டன் எத்தனையோ சொன்னார். கையை எடுக்காதே என்று மட்டும் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்று இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார். இதை எப்படி இவ்வளவு பெரிய நொரநாட்டியம் கோட்டை விட்டாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டி. சுத்தப் பக்கத்து அறைக்கு ஜன்னல் கிடையாது. கவுன், தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டால், மெஷின் ஒரு சுற்று முடிக்கும்வரை வெளியே வர முடியாது. வந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். செல்போன் வெளியே பெட்டியில். இருக்கிறது நாலு சுவர், ஒரு மேஜை, சுவருக்குள் உறுமும் மெஷின். பதினொரு வருஷத்தில் முதல்தடவையாக அத்தைக்கு அங்கே மூச்சு முட்டியது. முகமூடிக்குள் தன் மூச்சே திரும்பத் திரும்ப முகத்தில் அடித்தது. யாராவது கேட்டாங்களா, யாராவது கேட்டாங்களா என்று தூசியின் கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை எரிந்தும் ஒரு நிமிஷம் கை போகவில்லை. அழுக்குப் பக்கத்திலிருந்து ஆள் நடுச்சுவர்க் கண்ணாடியைத் தட்டி, என்ன ஆச்சு என்று சைகை காட்டினான்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அத்தை ஒத்திகை பார்த்தாள். அண்ணன் முதலில் கத்துவான், அப்புறம் அவன் குரல் உடையும். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். பெரியவள் காலைக் கட்டிக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்தாள். எதற்கும் அசைந்து கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு எல்லோரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளின் மடக்குக் கட்டில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அத்தை உட்காராமலே ஆரம்பித்தாள்.

"அண்ணா, எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. புதுக் கிளைக்கு இன்சார்ஜா. ரூமும் குடுக்கறாங்க. நாளைக்குள்ள சொல்லணும்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். அத்தை முதல் பதிலைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சே," என்றான் அண்ணன். "எப்பக் கிளம்பணும்?"

அத்தைக்குத் தன் காதில் விழுந்தது சரிதானா என்றிருந்தது. "இல்ல... பெரியவளுக்குப் பரீட்சை வருதே. காலையில சாப்பாடு கட்டறது..."

"அது பரவால்ல அத்தை," என்றாள் பெரியவள். "நான் இப்பல்லாம் கேன்டீன்லதான் சாப்பிடறேன்."

"அப்ப நான் கட்டிக் குடுக்கறது?"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அண்ணி அவளை முறைத்தாள். முறைத்தது கொஞ்சம் தாமதம். "என் ஃப்ரெண்டுக்கு உங்க சமையல்னா உசுரு அத்தை," என்று பெரியவள் இழுத்தாள்.

"போன தடவையும் அதுக்கு முன்னாடியும் கேட்டாங்க. உங்களுக்காகத்தான் நான் வேண்டாம்னு சொன்னேன்," என்றாள் அத்தை. குரல் அவளையறியாமல் உயர்ந்துவிட்டது.

"எங்களுக்காகவா?" அண்ணன் நிஜமாகவே விழித்தான். "நீ எங்ககிட்ட சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா அப்பவே போன்னு சொல்லியிருப்பேனே."

அண்ணி எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷி, அதுதான் வினை. "நீ தப்பா நினைக்காதே. பெரியவளுக்குன்னு ஒரு ரூம் இல்லாம கூடத்துலயே படிக்கறா பாரு. உன் ரூமை அவளுக்குக் குடுத்துட்டு உனக்கு வேற ஏற்பாடு பண்ணலாமான்னு நாங்க ரெண்டு வருஷமா பேசிட்டுத்தான் இருக்கோம். உன்கிட்ட எப்படிச் சொல்றது? நம்மள விட்டா அவளுக்கு யாரு, மனசு ஒடிஞ்சு போயிடுவான்னு உங்க அண்ணன்தான் வாயைத் திறக்காதேன்னார். அதான் யூனிபார்மைக்கூட நீயே இஸ்திரி போடட்டும்னு விட்டேன். பெரியவ அப்புறமா மடிப்பு சரியில்லன்னு இன்னொரு தடவை போட்டுக்குவா."

அத்தை சிரித்தாள். சிரிக்காவிட்டால் என்ன செய்திருப்பாளோ அவளுக்கே தெரியாது. இவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறோம் என்று அவள் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அவளை நோகடிக்கக் கூடாதென்று இவர்கள் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் அன்பு. அந்த அன்பில் ஒருத்தருக்கும் கை கால் நீட்ட இடமில்லை. வேண்டாம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா, பெரியவளாவது வந்து காலைக் கட்டிக்கொள்ள மாட்டாளா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. பஸ்ஸில் தயார் செய்து வந்த பதில்களில் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

"டீ ஆறுது, குடி," என்றான் அண்ணன். குடித்தாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியபோது, கூடத்தில் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கேட்டது. மேஜையை ஜன்னல் பக்கம் போடலாம் என்று பெரியவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தை அடக்கிக்கொண்ட குரல். அத்தை துணிக்கம்பியையும் தையல் மெஷினையும் பார்த்தாள். இந்த அறைக்குள் தன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாள் பொருமியிருக்கிறாள். அடைத்துக்கொண்டு கிடந்தது அவள்தான், வெளியே இந்த அறைக்காக வரிசையில் ஆள் நின்றிருக்கிறது. வலித்தது. அவமானமாகவும் இருந்தது. நாளைக்கு ஒரு புது ஊரில் யாருக்கும் அத்தையில்லாத ஒருத்தியாக எப்படிப் போய் நிற்பது என்று பயமாகவும் இருந்தது.

செல்போனை எடுத்துக் குழுவைத் திறந்தாள். தூசியின் கேள்வி அப்படியே நின்றது. "இல்ல. யாரும் கேட்கலை," என்று எழுதினாள். கேப்டனைப் பொய்யன் என்று சொன்னதை அழித்தாள்.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு இன்சார்ஜ் சிஸ்டரின் மேஜை முன்னால் நின்று, காகிதத்தில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். "அதிசயமா இருக்கே! வீட்ல எப்படி விட்டாங்க?"

"எங்க விட்டாங்க சிஸ்டர்," என்றாள் அத்தை. "அண்ணன் ஒரே சத்தம். அண்ணி அழுது தீர்த்துட்டாங்க. பெரியவ காலைக் கட்டிக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டா. நான்தான் பிடிவாதமா நின்னு சம்மதம் வாங்கினேன்."

"பாவம். நீங்க இல்லாம என்னதான் பண்ணப் போறாங்களோ."

"ஆமா சிஸ்டர்," என்றாள். "கஷ்டம்தான்."