மேளத்துக்குள் விழித்த குழந்தை

நானூறு வருடங்களுக்கு முன் இறந்துபோன குழந்தை ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கைதட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்டது. சலவைக்கடை மாடியில் கச்சேரி செய்துவந்த மூவர் குழுதான் காரணம். அக்கா பாடுவாள், தம்பி மேளம் அடிப்பான், பல் டாக்டர் வயிறு பெருத்த பழைய தந்திவாத்தியம் ஒன்றை வாசிப்பார். பிடுங்குவதைவிட மீட்டுவதில் வலி குறைவு என்பார். அரண்மனைகளோடு மண்ணாகிப்போன பாட்டுகளைத் தேடியெடுத்து, மாலுமிகளின் துள்ளலையும் சினிமா மெட்டையும் கலந்து, கேட்கிறவர்களைச் சிரிக்கவைப்பது அவர்கள் வழக்கம். அன்று எடுத்தது ஒரு தாலாட்டு. இரண்டே வரிதான் கிடைத்திருந்தது. மீதி தொலைந்திருக்கும் என்று நினைத்து, மேடையில் ஒரு பாட்டு முடிய வேண்டுமே என்று, தம்பி அதன் வாலில் ஒரு டிஸ்கோ அடியை ஒட்டினான். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. தட்டல் ஓய்ந்த பிறகும் மேளத்துக்குள் அழுகை ஓயவில்லை.

நானூறு வருடத்துக்கு முன் அந்தத் தாலாட்டைப் பாடிய தாயின் பிள்ளைதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அந்த இரண்டு வரி காதில் விழுந்தால் அழுகை விம்மலாகத் தணியும். முடிவு வந்ததும் வீறிடும். தெருவில் பால்கொடுக்கும் பெண்களின் ரவிக்கைகள் நேரங்கெட்ட நேரத்தில் நனைந்தன. “பிள்ளைய அழவிட்டுட்டு என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு?” என்று சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். பல் டாக்டர் சோகமாக ஒரு முடிவும், பக்தியாக ஒரு முடிவும், ஏழு நாட்டுப் பாணியில் ஏழு முடிவுகளும் போட்டுப் பார்த்தார். எதற்கும் அடங்கவில்லை. இரண்டு வருடம் போனது. தம்பியை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. ஒரு நண்பகலில் அவன் மேளத்தைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் மண்ணெண்ணெய் ஊற்றினான்.

“தள்ளுக்கா. இது வெறும் தோலு.”

“வெறும் தோலுக்கா ரெண்டு வருஷமா தூங்காம கெடக்கற?”

அவன் தீப்பெட்டியைத் திறந்தான். அக்கா சட்டென்று மேளத்தை மடியில் இழுத்துப்போட்டுப் பாட ஆரம்பித்தாள். இரண்டு வரி முடிந்தது. நிறுத்தினால் குச்சியை உரசிவிடுவானோ என்ற பயம். பாட வேறு வரியும் இல்லை. முதல் வரிக்கே திரும்பினாள். மறுபடியும் திரும்பினாள்.

“எத்தன தடவ இதையே பாடுவே?”

“தூங்கற வரைக்கும்டா,” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது.

எதுவும் தொலைந்திருக்கவில்லை. அந்தத் தாய்க்குக் கடவுள் இரண்டு வரிதான் கொடுத்திருந்தார். அது போதும் என்று தெரிந்துதான் கொடுத்திருப்பார். அக்காவுக்குத் தொண்டை கட்டியபோது, சத்தம் கேட்டு வந்திருந்த டாக்டர் தொடர்ந்தார், பிறகு தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி. வெயில் சாய்வதற்குள் தோலுக்கு அடியில் மூச்சு சீரானது.

அந்த மேளம் இப்போதும் மாடியில் இருக்கிறது, ஒரு போர்வை மூடியபடி. தம்பி வேறொன்று வாங்கிக்கொண்டான். மழைக்கால இடியில் பிள்ளை எப்போதாவது விழித்துக்கொண்டால், அந்த வழியாகப் போகிற யாராவது படியேறி, அது தூங்கும்வரை பாடிவிட்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள்.